பன்னெண்டு பெருசா, பதினஞ்சு பெருசா?

பரீட்சைக்கு முந்தின வாரம் எந்தக் கல்லூரி வாசலில் நின்று பார்த்தாலும், பிஸியாக இருக்கிற ஒரே மனிதர் எதிர்த்த ஜெராக்ஸ் கடைக்காரர்தான். கடையில் நடக்கும் பேச்சைக் கேட்டால், ஏதோ காய்கறிக் கடையில் நிற்கிற மாதிரியே இருக்கும்.

"அண்ணே, மூணாவது யூனிட் மட்டும் போடுங்க."

"முழுசா வேணுமா?"

"ஐயோ, முழுசா வேணாம்ணே. இம்பார்ட்டன்ட் மட்டும்!"

எது இம்பார்ட்டன்ட் என்று கடைக்காரருக்குத் தெரியும். பதினைந்து வருஷக் கேள்வித்தாள் அவர் கை வழியாகப் போயிருக்கிறது. எந்தக் கேள்வி எந்த செமஸ்டரில் தலைகாட்டும் என்று பஞ்சாங்கம் மாதிரி சொல்கிறார். பல்கலைக்கழகம் அவருக்கு ஒரு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தால் நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

அந்த ஜெராக்ஸ் பேப்பரின் ஆயுள் மூன்று மணி நேரம். பரீட்சை ஹாலில் கொட்டிவிட்டு வெளியே வந்ததும் தலை காலி. பேப்பர் சுண்டல் வண்டிக்குப் போய்ச் சேரும்.

'சரிதான், அட்வைஸ் ஆரம்பிச்சுட்டான்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எனக்கு அட்வைஸ் வராது. பி.காம். படித்தவன், எதையும் லாப நஷ்டமாகப் பார்த்துத்தான் பழக்கம். அதனால் ஒரு நஷ்டக் கணக்கை மட்டும் உங்கள் முன்னால் வைக்கிறேன். தொகை, சுமார் 33,600 ரூபாய்.

★

2022-ல் நடந்தது. எங்கள் தெருவில் ஒருவர் காய்கறி லோடு அடிக்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கு வண்டியை எடுத்தால் மதியம்தான் திரும்புவார். பழைய வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்ததும் வேறு வண்டி எடுக்கத் தீர்மானித்தார். மூன்று லட்சம் கடன், மூன்று வருஷத் தவணை. ஒரு வங்கியில் 15 சதவிகித வட்டி சொன்னார்கள். ஒரு தனியார் ஃபைனான்ஸில் 12 சதவிகிதம் சொன்னார்கள், கூடவே டீயும் வாங்கிக் கொடுத்தார்கள்.

வீட்டில் பையன் பி.காம். இரண்டாம் வருஷம். குடும்பத்திலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா பெருமையாக அவனைக் கேட்டிருக்கிறார்: "ஏம்ப்பா, நீ கணக்குப் படிக்கிறவன். எது தேவலாம்?"

பையன் சொன்னான்: "பதினஞ்சைவிட பன்னெண்டு கம்மிதானப்பா!"

ஒண்ணாங்கிளாஸ் பையனும் அதைத்தான் சொல்வான். கையெழுத்தும் ஆகிவிட்டது.

நாலு மாசம் கழித்து அவர் தவணைச் சீட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "தம்பி, மாசம் 11,333 ரூபா கட்டறேன். அங்க பேங்க்ல கட்டற என் மச்சான் பத்தாயிரத்து நானூறுங்கறான். அவனுக்குப் பதினஞ்சு வட்டி, எனக்குப் பன்னெண்டு. அப்ப எனக்குத்தானே கம்மியா வரணும்?"

சீட்டின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு வார்த்தை இருந்தது. 'ஃபிளாட்'.

ஃபிளாட் ரேட் என்றால் என்ன? மூன்று படுக்கையறை உள்ள வீட்டை வாடகைக்கு எடுக்கிறீர்கள். வருஷத்துக்கு ஒரு அறையாகக் காலி பண்ணிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். ஆனாலும் கடைசி மாசம் வரை மூன்று அறைக்கும் சேர்த்து வாடகை வாங்குகிறார் வீட்டுக்காரர். அதுதான் ஃபிளாட் ரேட்! அசலில் நீங்கள் மாசாமாசம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தாலும், வட்டி மட்டும் முழு மூன்று லட்சத்துக்கும் மூன்று வருஷத்துக்கும் நடக்கிறது.

மூன்று லட்சத்துக்கு 12 சதவிகிதம் என்றால் வருஷத்துக்கு 36,000 ரூபாய். மூன்று வருஷத்துக்கு 1,08,000. வங்கி சொன்ன 15 சதவிகிதம், குறையும் பாக்கிக்கு மட்டும். மொத்த வட்டி கிட்டத்தட்ட 74,400. வித்தியாசம்தான் நான் சொன்ன 33,600 ரூபாய். அந்தப் 'பன்னெண்டு' சதவிகிதத்தை வங்கி பாணியில் கணக்குப் போட்டால் 21 சதவிகிதத்துக்கு மேலே போகிறது!

இதில் என்னை உறுத்தியது ஃபைனான்ஸ்காரர் இல்லை. அந்தப் பையனின் மார்க் ஷீட். முதல் வருஷத்திலேயே அவனுக்கு 'ஹயர் பர்ச்சேஸ்' என்று ஒரு பாடம் இருந்தது. தவணை கட்டக் கட்ட பாக்கி குறையும், குறைந்த பாக்கிக்கு மட்டும் வட்டி கணக்குப் போட வேண்டும் என்பதுதான் அந்தப் பாடத்தின் உயிர்நாடி. இருபது கணக்காவது போட்டிருப்பான். நல்ல மார்க்கும் வாங்கியிருந்தான்.

"தம்பி, ஹயர் பர்ச்சேஸ் படிச்சியே?"

"படிச்சேன்ணா. அது மெஷின் வாங்கற சம்தானே?"

அவன் புத்தகத்தில் எப்போதும் ஏதோ ஒரு கம்பெனி, ஏதோ ஒரு மெஷின் வாங்கும். இங்கே அப்பா, லோடு வண்டி வாங்கினார். கேள்வி மாறுவேஷம் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்தது. பையனுக்கு அடையாளம் தெரியவில்லை.

அவன் மக்கு இல்லை. புத்தகத்தில் இருக்கும் கணக்கும், மேஜை மேல் இருக்கும் கடன் பத்திரமும் ஒன்றுதான் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனும் அதைத் தேடவில்லை.

(இப்போது நிலைமை கொஞ்சம் தேவலாம். தனிநபர் கடன், சிறுதொழில் கடன் கொடுக்கிறவர்கள் எல்லாச் செலவும் சேர்ந்த வருஷ வட்டி விகிதத்தை ஒரு தனித்தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லி, 2024 அக்டோபர் 1-லிருந்து நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆனால், தாளில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டுமே!)

★

'நம்ம ஊர்ப் படிப்பே இப்படித்தான் ஸார், வெளிநாட்டைப் பாருங்க' என்று ஆரம்பிப்பவர்களுக்காக ஒரு சமாசாரம்.

1987-ல் அமெரிக்காவில் ஒரு டாக்குமென்டரி எடுத்தார்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா. கறுப்பு அங்கியும் தொப்பியுமாக நின்றவர்களிடம் கேமராவை நீட்டி, சின்னப் பிள்ளைக் கேள்வி கேட்டார்கள். கோடைக்காலம் ஏன் சுடுகிறது, குளிர்காலம் ஏன் குளிர்கிறது என்ற ரகம். 23 பேரைக் கேட்டதில் 21 பேர் சறுக்கினார்கள்! பலபேர் சொன்ன பதில்: கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போகிறது, அதனால் சுடுகிறது.

நீங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? வெளியே சொல்ல வேண்டாம்.

சூரியனுக்கு மிக அருகில் பூமி வருவது ஜனவரி முதல் வாரத்தில். அதாவது நாம் சால்வை போர்த்திக்கொண்டு சபாவுக்குப் போகும் மார்கழியில்! அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் சுமார் 15.2 கோடி. தூரத்தால்தான் சூடு என்றால் மார்கழியில் நாம் வெந்திருக்க வேண்டும். நிஜக் காரணம், பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பது. டிசம்பர், ஜனவரியில் நம் பக்கத்துப் பாதி சூரியனிடமிருந்து விலகிச் சாய்ந்திருக்கிறது. வெயில் சரிவாக விழுகிறது. பகலும் குறைவு.

இந்தச் சாய்வைப் பற்றி அந்த ஹார்வர்ட்காரர்கள் பள்ளிக்கூடத்தில் படிக்காமலா இருந்திருப்பார்கள்? ஆனால், 'அடுப்புக்குப் பக்கத்தில் போனால் சுடும்' என்று நம் எல்லோர் மனசிலும் ஒரு பழைய குடித்தனக்காரர் இருக்கிறார். பாடம் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டு, பரீட்சை முடிந்ததும் கிளம்பிவிட்டது. குடித்தனக்காரர் உள்ளேயே இருக்கிறார்.

அவரைக் காலி பண்ண ஒரே ஒரு கேள்வி போதும். ஜனவரியில் சிட்னி டெஸ்ட் மேட்ச் பார்த்திருக்கிறீர்களா? முகத்தில் வெள்ளைக் களிம்பு பூசிக்கொண்டு ஆட்டக்காரர்கள் வெயிலில் வாடுவார்கள். அதே பூமி, அதே சூரியன், அதே தூரம். இங்கே குளிர், அங்கே கொளுத்துகிறது. அப்புறம் எப்படி தூரம் காரணமாக முடியும்? பாடத்தை எடுத்துக்கொண்டு போய் வேறு ஒரு இடத்தில் வைத்து, 'இங்கேயும் இது சரியா வருதா?' என்று கேட்பது. ஆழமாகப் படிப்பது என்று பெரிய பெரிய வார்த்தையில் சொல்கிறார்களே, அதன் தொடக்கம் இவ்வளவுதான்.

★

ரிச்சர்ட் ஃபெயின்மன் என்று ஒரு அமெரிக்க விஞ்ஞானி. 1965-ல் இயற்பியல் நோபல் பரிசு வாங்கியவர். அதற்கு முன், 1950-களின் தொடக்கத்தில், பிரேசில் நாட்டுக்குப் பாடம் நடத்தப் போயிருந்தார். மாணவர்கள் ஒளியைப் பற்றிக் கேட்டால் சூத்திரத்தோடு ஒப்பித்தார்கள். இன்ன கோணத்தில் பிரதிபலிக்கும் ஒளி இப்படி இப்படி ஒழுங்குபடும் என்று தயங்காமல் பதில். மனிதர் அசந்துபோனார்.

பிறகு ஒரு போலராய்டு தகட்டைக் கொடுத்து, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கடலை அதன் வழியாகப் பார்க்கச் சொன்னார். நீரில் பட்டு வரும் வெளிச்சமும் பிரதிபலித்த ஒளிதானே? தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் மாணவர்களுக்கு ஆச்சரியம். புத்தகத்தில் படித்த விஷயம் தினமும் ஜன்னல் வழியாகத் தெரிந்த கடலில் நடந்துகொண்டிருந்தது. அவர்களுக்குத் தெரியவில்லை!

அவர் இன்னொன்றும் கவனித்தார். வகுப்பில் யாரும் சந்தேகம் கேட்பதில்லை. கேட்டால், 'ஏன் எங்க நேரத்தை வீணாக்கறே?' என்று மற்ற மாணவர்களே அதட்டுகிறார்களாம். இதைப் படித்தபோது பிரேசில் ரொம்ப தூரம் என்றே எனக்குத் தோன்றவில்லை. 'டேய், உக்காருடா... பெல் அடிக்கப் போவுது' என்ற குரல் போர்ச்சுகீஸ் மொழியில் கேட்ட மாதிரி இருந்தது.

★

வணிகவியலுக்கு வருவோம். உங்கள் செல்போனில் மாசம் முதல் தேதி ஒரு எஸ்.எம்.எஸ். வரும். 'உங்கள் கணக்கில் இவ்வளவு ரூபாய் கிரெடிட் செய்யப்பட்டது.' ஒரு பி.காம். மாணவரைப் பிடித்து இதைக் காட்டுங்கள்.

"தம்பி, பணம் உள்ள வந்தா டெபிட்டா, கிரெடிட்டா?"

"உள்ள வர்றது டெபிட், வெளிய போறது கிரெடிட்!" பட்டென்று வரும் பதில்.

"அப்ப எனக்குப் பணம் வந்திருக்கு. பேங்க்காரன் ஏன் கிரெடிட்னு அனுப்பறான்?"

பத்தில் ஏழு பேர் கூரையைப் பார்ப்பார்கள். இத்தனைக்கும் வங்கிச் சரிகட்டும் பட்டியல் போட்டு அவர்கள் முழு மார்க் வாங்கியிருப்பார்கள்.

விடை சுலபம். அந்த எஸ்.எம்.எஸ். உங்கள் நோட்டிலிருந்து வரவில்லை, வங்கியின் நோட்டிலிருந்து வருகிறது. உங்கள் பணத்தை வைத்துக்கொண்டிருக்கும் வங்கி உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. அதனால் அவர்கள் புத்தகத்தில் நீங்கள் கிரெடிட். உங்கள் புத்தகத்தில் வங்கி டெபிட். ஒரே சம்பவத்துக்கு இரண்டு கரை உண்டு, எந்தக் கரையில் நிற்கிறோம் என்பதுதான் விஷயம். வெனிஸ் நகர வியாபாரிகள் கையாண்ட இந்த இரட்டைப் பதிவு முறையை லூகா பாசியோலி என்கிற பாதிரியார் 1494-ல் அச்சுப் புத்தகத்தில் விளக்கி வைத்தார். ஐந்நூறு வருஷத்துக்கு மேலாகியும் ஆட்டம் காணாமல் நிற்கும் ஒரு யோசனை. அதை நாம் 'உள்ளே வெளியே' என்று சீட்டாட்டம் மாதிரி மனப்பாடம் பண்ணிவிட்டுப் போய்விடுகிறோம்!

இது ஒன்று புரிந்துவிட்டால் வங்கிச் சரிகட்டும் பட்டியலில் எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது என்று ஒரு டஜன் விதிகளை நெட்டுருப் போட வேண்டாம். எந்தக் கரை என்று பார்த்தால் போதும், தானாக வரும். புரிந்து படிப்பதில் ஒரு சோம்பேறி லாபமும் உண்டு. சுமக்க வேண்டிய மூட்டை குறைகிறது.

★

ஏன் இப்படிப் படிக்கிறார்கள்? சோம்பேறித்தனமா? இல்லை. விடிய விடிய முழித்து மனப்பாடம் பண்ணுகிறவனைச் சோம்பேறி என்றால் நாக்கு அழுகிவிடும்.

ஸ்வீடனில் ஃபெரன்ஸ் மார்ட்டன், ரோஜர் சால்ஜோ என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1976-ல் ஒரு விஷயத்தை எழுதினார்கள். பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒரு கட்டுரையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். சிலபேர், என்ன கேள்வி வருமோ என்று வாக்கியங்களை ஞாபகம் வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். சிலபேர், எழுதினவர் என்ன சொல்ல வருகிறார் என்று தேடினார்கள். கட்டுரையின் சாரம் இரண்டாவது கோஷ்டிக்குத்தான் கிடைத்தது. வாக்கியங்களைத் துரத்தியவர்கள், சாரத்தைத் தேடவே இல்லை. தேடாதது எப்படிக் கிடைக்கும்?

இதில் முக்கியம் என்னவென்றால், இது ஆளைப் பொறுத்தது மட்டும் இல்லை. எந்த மாதிரிக் கேள்வி வரும் என்று நினைக்கிறார்களோ, அதற்குத் தகுந்த மாதிரி படிக்கிறார்கள். ஜெராக்ஸ் கடைக்காரரால் கேள்வித்தாளை முன்கூட்டியே சொல்ல முடிகிறது என்றால், தப்பு மாணவன் பேரில் மட்டுமா? பேராசிரியப் பெருமக்கள் வருஷத்துக்கு ஒரே ஒரு கேள்வியை மாறுவேஷத்தில் அனுப்பிப் பாருங்கள். 'வரையறு' என்பதற்குப் பதில், 'ஒருவர் 12 சதவிகித ஃபிளாட், 15 சதவிகிதக் குறையும் பாக்கி, இரண்டில் எதை எடுக்கலாம்?' என்று கேளுங்கள். அடுத்த வருஷம் வகுப்பே வேறு மாதிரி படிக்கும்.

இன்னொரு காரணம் இருக்கிறது, அதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் 'பற்று, வரவு, பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம்' என்று படித்த பிள்ளை, காலேஜில் நுழைந்ததும் எல்லாம் இங்கிலீஷ். அர்த்தம் யோசிக்க நேரமில்லை. வரியை அப்படியே மந்திரம் மாதிரி முழுங்குவதுதான் ஒரே வழி என்று ஆகிவிடுகிறது. அப்படிப்பட்ட தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன்: தமிழில் யோசிப்பதற்கு வெட்கப்படாதீர்கள். விஷயம் முதலில் தமிழில் உள்ளே போகட்டும். 'தேய்மானம்னா தேயறது' என்று பிடிபட்ட பிறகு இங்கிலீஷ் வாக்கியம் எழுதுவது அவ்வளவு கஷ்டமில்லை. புரிந்ததை உடைந்த இங்கிலீஷில் எழுதினாலும், பிறகு சரிபண்ணிக்கொள்ளலாம்.

★

"எல்லாம் சரி ஸார், புரிஞ்சு படிக்க எங்க நேரம் இருக்கு? அஞ்சு பேப்பர், பேப்பருக்கு அஞ்சு யூனிட்!"

நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் தோண்ட வேண்டாம். வாரத்துக்கு ஒரு விஷயம் போதும். எப்படி என்று, எனக்குத் தெரிந்த சில சில்லறை யோசனைகள்.

ஒரு விதியைப் படித்தால், 'இது இல்லேன்னா என்ன ஆகும்?' என்று கேளுங்கள். உதாரணமாக தேய்மானம். ரொக்க ஓட்ட அறிக்கையில் லாபத்தோடு தேய்மானத்தைக் கூட்டு என்று எல்லோரும் கூட்டுகிறார்கள். ஏன் கூட்ட வேண்டும்? ஆறு லட்சத்துக்கு வண்டி வாங்கினீர்கள். பணம் அன்றைக்கே போய்விட்டது. வருஷாவருஷம் தேய்மானம் என்று எழுதும்போது உங்கள் கல்லாவிலிருந்து யாரும் எதையும் எடுப்பதில்லை. அது ஏட்டில் மட்டும் போகும் செலவு. லாபம் கணக்கிடும்போது அதைக் கழித்துவிட்டோம், கையில் இருக்கும் ரொக்கம் தெரிய வேண்டும் என்றால் திரும்பக் கூட்டத்தானே வேண்டும்? சரி, தேய்மானமே எழுதவில்லை என்றால்? வண்டி நாளுக்கு நாள் கிழடாகிக்கொண்டிருக்கும், ஏடு மட்டும் 'ஓகோ, லாபம்!' என்று சொல்லும். அந்த லாபத்தைச் சாப்பிட்டுவிட்டால், புது வண்டி வாங்கப் பணம் இருக்காது.

அடுத்து, புத்தகத்தை மூடுங்கள். விளையாட்டில்லை. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு பேர் 2006-ல் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள், ஐந்து நிமிஷம் கழித்து வைத்த பரீட்சையில் ஜெயித்தார்கள். படித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள், ஒரு வாரம் கழித்து வைத்த பரீட்சையில் ஜெயித்தார்கள். நம்பிக்கையோடு இருந்தது யார் தெரியுமா? திரும்பத் திரும்பப் படித்தவர்கள்! பழகின பக்கத்தைப் பார்த்ததும் 'தெரியும், தெரியும்' என்று மனசு சொல்லும். தெருவில் தினமும் பார்க்கிற முகம்தான், பேர் என்ன என்று கேட்டால்தான் முழிப்போம்.

மூன்றாவது, பாடம் படிக்காத ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். பாட்டி உத்தமம். யேல் பல்கலைக்கழகத்தில் ரோஸன்பிளிட், கீல் என்ற இருவர் 2002-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஜிப், பூட்டு மாதிரி சாதாரண சாமான்கள் எப்படி வேலை செய்கின்றன என்று எவ்வளவு தெரியும், நீங்களே மார்க் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆட்கள் தாராளமாகப் போட்டுக்கொண்டார்கள். 'சரி, படிப்படியாக விளக்கி எழுதுங்கள்' என்றதும், தங்களுக்குத் தாங்களே போட்ட மார்க்கைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள்! விளக்க ஆரம்பித்தால்தான் ஓட்டை எங்கே என்று தெரியும். ஓட்டை தெரிவது நல்லது. பரீட்சை ஹாலில் தெரிவதைவிட, கையெழுத்துப் போட்ட பிறகு தெரிவதைவிட, பாட்டி முன்னால் தெரிவது எவ்வளவோ மேல்.

கடைசியாக, கேள்விக்கு நீங்களே வேஷம் மாற்றுங்கள். கம்பெனி வாங்கின மெஷினை எடுத்துவிட்டு அப்பா வாங்கின வண்டியைப் போடுங்கள். பாடத்தில் வரும் 'எக்ஸ் லிமிடெட்' இடத்தில் தெருமுனை டீக்கடையைப் போடுங்கள். டீக்கடைக்கு அடக்கவிலை, லாபநஷ்டச் சமநிலைப் புள்ளி எல்லாம் உண்டு. ஒரு நாளைக்கு எத்தனை டீ விற்றால் வாடகை தேறும் என்று மாஸ்டரிடம் கேளுங்கள். விரல்விட்டுச் சொல்வார். அந்தப் பாடத்துக்கு அவர்தான் நடமாடும் கைடு.

★

மனப்பாடத்தை நான் திட்டவில்லை. வாய்ப்பாடு தெரியாதவன் வட்டிக் கணக்குப் போட முடியாது. வர்ணம் பாடமாகாதவர் கச்சேரியில் கற்பனை ஸ்வரம் போட முடியாது. மனப்பாடம் முதல் மாதிரி. முதல் இல்லாமல் வியாபாரம் இல்லை. ஆனால், முதலைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, 'நான் வியாபாரி' என்று சொல்லிக்கொண்டால் எப்படி?

'வரையறை என்ன?' என்றால் இன்றைக்கு செல்போனே நொடியில் சொல்லிவிடுகிறது. அதைச் சொல்ல ஒரு பட்டதாரிக்குச் சம்பளம் கொடுக்க யாரும் தயாராக இல்லை. போன் சொல்வது இங்கே பொருந்துமா, பொருந்தாதா என்று பார்க்கிற ஆளுக்குத்தான் மதிப்பு.

சின்னத் தொகையிலிருந்து பெரிய தொகைக்கு வருகிறேன். இருப்பாய்வில் இரண்டு பக்கமும் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமா? இல்லை என்று பி.காம். புத்தகமே சொல்கிறது. இது ஐந்து மார்க் கேள்வி. 2009 ஜனவரி 7-ம் தேதி சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கம்பெனிக் கணக்கில் ரொக்கமும் வங்கி இருப்புமாகக் காட்டியிருந்ததில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை! ஐந்தொகை என்னவோ அழகாக டேலி ஆகித்தான் இருந்தது. கூட்டலில் தப்பில்லை. 'இந்தப் பணம் நிஜமா வங்கியில் இருக்கா?' என்ற கேள்விதான் உரிய நேரத்தில் உரிய இடத்தில் விழவில்லை. அந்த ஐந்து மார்க் கேள்வி எப்பேர்ப்பட்ட கோட் சூட்டில் வரும் என்று பாருங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையிடம் 'எத்தனை மார்க்?' என்று கேட்பதை நிறுத்த முடியாது. எனக்குத் தெரியும். கூடவே, வீட்டுக்கு வருகிற காகிதத்தில் ஒன்றை அவர்கள் கையில் கொடுங்கள். இன்ஷூரன்ஸ் பத்திரமோ, நகைக்கடன் சீட்டோ, தவணை அட்டவணையோ. 'படிச்சு எனக்குப் புரியும்படி சொல்லு' என்று கேளுங்கள். 'எனக்குப் புரியலை' என்று பிள்ளை சொன்னால், 'இதுக்கா காலேஜ் ஃபீஸ் கட்டினேன்' என்று மட்டும் குதிக்காதீர்கள். புரியவில்லை என்று தெரிந்துகொண்ட பிள்ளை தேடிப் போய்த் தெரிந்துகொள்ளும். புரிந்ததாக நினைத்துக்கொண்டால்தான் நமக்கு 33,600 ரூபாய் செலவு.

ஆனால், மின்சார பில்லைப் பார்த்துவிட்டு, 'இது அவுட் ஆஃப் சிலபஸ்ப்பா' என்று சொல்கிற பிள்ளையாக இருந்தால்... யோசிக்காதீர்கள். அந்தத் தடவை பில்லை அவனையே கட்டச் சொல்லிவிடுங்கள். சிலபஸில் தானாகச் சேர்ந்துவிடும்!